இரண்டுக்கும் என்ன ஒற்றுமை

மான் என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட அட்டையை எடுத்துவைத்துவிட்டுக் காப்பிக்குப் பால் வைக்கப் போய்விடுவேன். ஆனால் இவர் மானைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக, முதுகெல்லாம் மஞ்சள் திட்டாக, எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி ஒரு ஜந்து இருக்கிறதே, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். ஐம்பத்தேழு வயது மனிதர், நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினீயர், ஜில்லா முழுக்க வாய்க்கால் வாய்க்காலாகப் பாலம் போட்டவர், சாப்பாட்டு மேசையில் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி அட்டை பார்க்கிறார். எதிரே நான், கட்டின பெண்டாட்டி, வாயை மூடிக்கொண்டு. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற பாடம். பங்குனியில் ஒரு காலை, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரும்போது வலது கை போயிருந்தது, வார்த்தை போயிருந்தது. கை பாதி திரும்பி வந்துவிட்டது. கால் இழுத்துக்கொண்டாவது பாத்ரூம் வரைக்கும் போகிறது. வார்த்தைதான் வெளியே போன பூனை மாதிரி, வாசல் வரைக்கும் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, ஓடிவிடுகிறது. ஆஷ்லின் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆஷ்லின் இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், நாகர்கோவில்காரி, என் மகளைவிடச் சின்னவள், அதட்டுவதில் என் மாமியாரைவிடப் பெரியவள். "ஆன்ட்டி, நீங்க எடுத்துக் குடுக்கவே கூடாது. வார்த்தை எல்லாம் அங்கிள்கிட்ட பத்திரமா இருக்கு, எடுக்கற வழிதான் அடைஞ்சு கிடக்கு. நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா அவங்க தேட மாட்டாங்க." எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்கிறாய் என்று கேட்டேன். ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் ஆன்ட்டி என்றாள், சிரிக்காமல். பழனி முருகனுக்கு மொட்டை போடுகிற குடும்பம், ஆனால் கான்வென்ட்டில் படித்த பாவத்துக்கு எனக்கு அது தலைகீழாகத் தெரியும், அதுவும் இங்கிலீஷில். அதனால் தினமும் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் நான் மனசுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டு, இவர் மானைக் கூப்பிடக் காத்திருக்கிறேன்.

ஜெபத்தில் அப்பம் கேட்கிற இடம் வந்ததும் எனக்கு மாவு ஞாபகம் வந்துவிடுகிறது. காலையில் அரைத்த மாவு, வெயிலுக்குப் பொங்கிக்கொண்டிருக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தேனா இல்லையா, எழுந்து போனால் இவர் கண்ணை எடுத்துவிடுவார், கண்ணை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. மாவு பொங்கி வழியட்டும். ஜெபத்தை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அட்டையைப் போட்டவன் எவன் என்று தெரிந்தால் அவனுக்கு ஒரு கடிதாசி எழுதுவேன். மாம்பழம், பசுமாடு, பக்கெட், செருப்பு எல்லாம் இருக்கிற பெட்டி ஒன்று ஆஷ்லினிடம் இருந்தது. அதை இன்னொரு நோயாளியின் மருமகள் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. மிச்சம் இருந்தது இந்தப் பெட்டிதான், எந்த தேசத்திலோ யாருக்கோ போட்டது. கொஞ்சம் ஃபாரின் ஐட்டமா இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க ஆன்ட்டி என்று கையில் திணித்துவிட்டாள். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு படம். பார்த்து, பெயர் சொல்லி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம், என்ன ஒற்றுமை என்று சொல்ல வேண்டும். நேற்று பனிச்சறுக்குக் கட்டையும் குதிரை வண்டியும். இன்றைக்கு சாலமாண்டரும் டிக்டிக்கும். டிக்டிக் என்றால் மானில் ஒரு ஜாதி, ஆப்பிரிக்காவில் இருக்கிறதாம், முயல் உயரத்துக்குமேல் வளராதாம். அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இவருக்குத் தெரியக் கூடாது, எனக்கு மட்டும். சாலமாண்டருக்குத் தமிழில் என்ன என்று நான் எங்கே போய்க் கேட்பேன். பல்லி மாதிரி இருக்கிறது, பல்லி இல்லை. தவளைக்குச் சொந்தம், தவளையும் இல்லை. பஞ்சாங்கத்தில் பல்லி விழுகிற பலன் உண்டு, இது தலையில் விழுந்தால் ராஜயோகமா மரணபயமா என்று ஒருத்தரும் எழுதிவைக்கவில்லை. போன வாரம் நாத்தனார் சரோஜினி வந்தாள், பெட்டியைக் குடைந்தாள், இந்த அட்டையைத் தூக்கிப் பிடித்தாள், அரணை மாதிரி இருக்கே என்றாள். அப்புறம் அவள் அண்ணனைப் பார்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அரணை கடிக்க வருமாம், பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பிப் போய்விடுமாம், அரணை புத்தி என்று சொல்வோமே, அதை இவர் காதுபடச் சொல்லிவிட்டு உச்சுக்கொட்டினாள். அன்றைக்கு மத்தியானம்தான் இவர் அவளைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். முப்பது வருஷத்தில் இந்த வீட்டில் கேட்காத வார்த்தை, முழுசாக, உச்சரிப்பு சுத்தமாக. அவள் மூன்று தடவை முருகா முருகா என்றாள். நான் சமையற்கட்டுக்குப் போய் முகத்தைப் புடவையில் பொத்திக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு நடுவில் எங்கேயோ வேறு ஒன்றாக மாறிவிட்டது, அது யாருக்கும் தேவையில்லை.

இப்போது விரல் நகர்கிறது. இடது கை ஆள்காட்டி விரல். சாலமாண்டர் வாலில் ஆரம்பித்து முதுகு வழியாகத் தலைக்குப் போகிறது, பாலத்து வரைபடத்தில் கோடு பார்க்கிற மாதிரி. வாய் திறக்கிறது. வாய் மூடிக்கொள்கிறது. என்னைப் பார்த்து மரியாதையாக ஒரு புன்னகை. இதுதான், இதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மரியாதை. இவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்ததே கிடையாது, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூடச் சிரிக்கவில்லை, பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது குளிப்பாட்டித் துவட்டிவிட்டால் இடது கையைக் கொஞ்சம் தூக்கி, தலையைச் சாய்த்து, பஸ்ஸில் இடம் கொடுத்தவருக்குச் சொல்கிற மாதிரி நன்றி சொல்கிறார். சோறு ஊட்டினால் நன்றி. செருப்பு மாட்டிவிட்டால் நன்றி. தண்ணீர் வேண்டுமென்றால் சிஸ்டர் என்கிறார். ஆஸ்பத்திரியில் எல்லாரும் சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டதில் ஒட்டிக்கொண்ட வார்த்தை அது ஆன்ட்டி, ஒரு வார்த்தைக்குப் பதிலா இன்னொண்ணு வரும், மனசுல வச்சுக்காதீங்க என்கிறாள் ஆஷ்லின். சரி, வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எந்த வார்த்தைக்குப் பதிலாக வருகிறது? பேச்சு வராத மனிதரோடு நான் இருந்துவிடுவேன், இவர் எப்போது பேசினார். என்னை யாரென்று தெரியாமலே, வேலைக்கு வந்திருக்கிற ஒரு பொம்பளை என்று நினைத்து, பாவம் நல்லா பார்த்துக்கிறாங்க என்று மனசுக்குள் எனக்கு மார்க் போட்டுக்கொண்டு இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்றால்? ராத்திரி பக்கத்தில் படுக்கிறேனே, யாரோ ஒருத்தி படுக்கிறாள் என்று சுவரோரமாக நகர்ந்து இடம் விடுகிறாரோ? நகர்கிறார். நான் பார்த்திருக்கிறேன். முன்னெல்லாம் முழங்காலால் என்னைத்தான் சுவரோரம் தள்ளுவார்.

நாளைக்கு ஆஷ்லின் வருவாள், பரீட்சை வைப்பாள். என்னைக் காட்டி, அங்கிள், இவங்க யாரு, இவங்க பேரு என்ன என்று கேட்பாள். முதல் தடவை கேட்டபோது சிஸ்டர் என்றார். அடுத்த தடவை அந்தச் சிரிப்பு. அவள் கையிலிருந்த பேப்பரில் மனைவி பெயர் சொல்லவில்லை என்று ஒரு பெருக்கல் குறி போட்டாள். நான் சொன்னேன், இந்தாம்மா, இவர் என்றைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இல்லாத பழக்கத்தை இப்போது மறந்துவிட்டார் என்று எப்படிப் போடுவாய் என்று. "அப்போ அங்கிள் உங்கள என்ன சொல்லிதான் கூப்பிடுவாங்க ஆன்ட்டி?" என்ன என்று சொல்வேன். ஒன்றும் சொல்ல மாட்டார். சமையற்கட்டு வாசலில் வந்து நின்று நேரே விஷயத்தை ஆரம்பித்துவிடுவார். பாத்ரூமிலிருந்து துண்டு என்று சத்தம் வந்தால் அது நான். சாவி என்றாலும் நான்தான். என் பெயர் புஷ்கலா என்று இவருக்குத் தெரியுமா என்பதற்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான் சாட்சி. நான் மட்டும் என்ன, இவர் பெயரை வாய்விட்டுச் சொன்னது அந்தப் பங்குனி காலையில்தான். கேஷுவாலிட்டியில் நோயாளி பேர் என்னம்மா என்று ஒருவன் கத்துகிறான், எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, தணிகைநாதன் என்று நான் சொல்வதற்குள் அவன் பின்னால் நிற்பவரைக் கேட்கப் போய்விட்டான். இங்கிலீஷில் எலோக்யூஷன் பரிசு வாங்கினவள். நல்ல ஜோடி. ஆஷ்லினுடைய பேப்பரில் துண்டு, சாவி என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. அப்படியென்றால் இவருக்கு என்னைத் தெரிகிறதா என்று நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இருந்த ஒரு அடையாளத்தை வைத்து, அது போய்விட்டதா இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாத அடையாளம் போய்விட்டதா என்று எந்த டாக்டர் பார்ப்பார்?

ம என்கிறார். சத்தமாக இல்லை, உதட்டை ஒட்டிப் பிரித்ததில் வந்த காற்று. ஆனால் ம தான். மான் என்று சொல்லுங்களேன், ஆனுக்கு என்ன கேடு, என்று என் வாய்க்குள் வார்த்தை கொதிக்கிற பால் மாதிரி மேலே ஏறுகிறது. ஜெபம், ஜெபத்தைச் சொல்லு புஷ்கலா. எடுத்துக் கொடுக்கிற பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில்தான். அங்கே தமிழ் பேசக் கூடாது. பேசினவள் கையில் ஒரு மரக்கட்டை கொடுப்பார்கள், அடுத்து எவள் தமிழ் பேசுகிறாளோ அவளைப் பிடித்துக் கட்டையை அவளிடம் தள்ளிவிட வேண்டும், சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவளுக்கு முட்டியில் அடி. கட்டை வாங்கினவுடன் நான் காதைத் தீட்டிக்கொண்டு வராந்தாவில் அலைவேன். அடுத்தவள் வாயில் வார்த்தை உருவாகும்போதே அது இங்கிலீஷா தமிழா என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படித் தேர்ந்த காது. இவரைக் கட்டிக்கொண்டு வந்தால், ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு வாய்க்காலில் தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்கிற விவசாயி மாதிரி நிற்கிற மனிதர். இந்த மாசம் அந்த... என்பார். இன்ஷூரன்ஸ் கட்டியாச்சு என்பேன். நேத்து ஆபீஸ்ல ஒருத்தன்... என்பார். லஞ்சம் கேட்டானா, நீங்க ஒண்ணும் சொல்லாம வந்துட்டீங்களா என்பேன். அப்படியே தலையாட்டுவார். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது அவருக்கு, இல்லையென்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். சரோஜினி இதற்கும் ஒன்று வைத்திருக்கிறாள். போன தடவை போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், "நீ பேசிப் பேசித்தான் அண்ணி எங்கண்ணன் வாய் துருப்பிடிச்சுப் போச்சு." நான் சொன்னேன், உங்க வீட்டிலிருந்து அனுப்பும்போதே துருப்பிடித்துத்தான் வந்தது, நான் எண்ணெய் போட்டுத்தான் இத்தனை வருஷம் ஓடினது என்று. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு கதவைத் தாழ்போட்டுவிட்டு, இவர் தானாகச் சொல்லி முடித்த வாக்கியம் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"மாடி," என்கிறார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், சரியா என்று. தப்பு என்று சொல்லக் கூடாது, அதுவும் சட்டம். மேலே மாடியில் குக்கர் விசில் அடிக்கிறது, பேங்க்கில் வேலை பார்க்கிறவள் வீட்டில் சமையல்காரி இந்த வேளையில்தான் வந்து பருப்பு வைப்பாள். அதைக் கேட்டுச் சொன்னாரோ, மானைத் தேடிப் போய் மாடியில் ஏறிவிட்டாரோ. நான் இல்லையென்று தலையை அசைக்கவும் இல்லை, ஆமென்று ஆட்டவும் இல்லை. தெருவில் உப்புக்காரன் போகிறான். இந்த வெயிலில் எவன் உப்பு வாங்குவான். பின்பக்கத்துப் பொடி எழுத்தை மறுபடி படிக்கிறேன், வேறு எங்கே பார்ப்பது. டிக்டிக் தண்ணீரே குடிக்காமல் இலையில் இருக்கிற ஈரத்தில் காலம் தள்ளுமாம். சாலமாண்டர் ஈரம் இல்லாவிட்டால் செத்துப்போகுமாம், தோலால் மூச்சு விடுமாம். டிக்டிக் ஆபத்து என்றால் மூக்கால் விசில் அடித்து ஊரைக் கூட்டிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடும். சாலமாண்டருக்கு ஓட்டமும் கிடையாது, சத்தமும் கிடையாது, கல்லுக்கு அடியில் போய் இருந்துவிடும். டிக்டிக் கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒரு நீர் கசியுமாம், அதைக் குச்சியில் தடவித் தன் எல்லையைக் குறித்துக்கொள்ளுமாம். கண்ணீர் வைத்து எல்லை போடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், எங்கள் சொத்து பாகப்பிரிவினையில் சரோஜினி போட்டாள். டிக்டிக் ஒரே ஜோடியாகச் சாகும்வரை இருக்குமாம். எழுதினவன் அதைப் பெரிய பெருமையாகப் போட்டிருக்கிறான், ஆச்சரியக்குறியோடு. அதற்கென்ன அப்பா, வேறு எங்கே போகும். இதில் எது இவர், எது நான் என்று கணக்குப் போட்டுவிடலாம், சின்னப் பிள்ளை போட்டுவிடும், எனக்கு அலுப்பாக இருக்கிறது. எனக்கு உறைக்கிற வரி வேறு. சாலமாண்டருக்குக் கால் போனால் கால் முளைக்கும், வால் போனால் வால், கண்ணில் ஒரு பாகம் போனால்கூட அதுவும். வாரக்கணக்கில் சும்மா கிடந்து திரும்ப வளர்த்துக்கொள்ளும். நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கல்லுக்கு அடியில் கிடக்கிற ஒரு வழவழப்பு ஜந்துவுக்குக் கொடுத்ததை ஒரு இன்ஜினீயருக்குக் கொடுக்க என்ன வந்தது. சரி, கொடுக்கட்டும், முளைக்கட்டும். முளைக்கிறது பழைய கால்தானா? இவருக்கும் வார்த்தை ஒவ்வொன்றாக முளைத்து, நன்றி, சிஸ்டர், மாடி என்று முளைத்து, கடைசியில் ஒரு முழு மனிதர் வளர்ந்து இந்த நாற்காலியில் உட்காருவார். மிகவும் மரியாதையான மனிதர். எல்லாம் சொல்வார். என்னை மட்டும் முதல் தடவையாகப் பார்ப்பார். நல்லாத் தேறிட்டார் என்று எல்லாரும் லட்டு வாங்கி வருவார்கள், நான் அந்த ஆளுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

செல்போன் நடுங்குகிறது. நிரஞ்சனா, ஹைதராபாத்திலிருந்து. எடுக்கவில்லை. எடுத்தால் அப்பா எப்படிம்மா இருக்கார் என்பாள், நல்லாயிருக்கார்டி என்பேன், வீடியோவில் காட்டு என்பாள், காட்டினால் இவர் அவளைப் பார்த்து முகமெல்லாம் விரிந்து நிரூ என்பார். ஆமாம். நிரூ வருகிறது. சின்ன வயசில் கூப்பிட்ட பெயர், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகின பெயர், மூளையில் எந்த வழியும் அடைபடாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. நான் அவளிடம் இதைச் சொன்னேனா, சிஸ்டர் விஷயத்தை? சொல்லவில்லை. பெற்ற மகளிடம் போட்டியா என்று கேட்பாள், கேட்க மாட்டாள், நினைப்பாள். நினைக்காவிட்டாலும் நான் நினைப்பேன். போன் நடுங்கி நடுங்கி மேசை ஓரத்துக்கு வந்து நின்றுவிட்டது. இவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி அட்டைக்கு வந்துவிட்டார், நல்ல பையன். எனக்கு முதுகு வலிக்கிறது. காலையில் இவரைத் தூக்கி உட்காரவைத்ததில் இடுப்பில் பிடித்துக்கொண்டது, அது யாருக்கும் பெருக்கல் குறி இல்லை. ஜெபம் எந்த வரியில் நிற்கிறது என்று தெரியவில்லை. கடன்களை மன்னிக்கிற இடமா, சோதனைக்கு உட்படுத்தாதே என்கிற இடமா. உட்படுத்தியாயிற்றே. திரும்ப ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்கவில்லை. மாவை நினைத்துப் பார்க்கிறேன், அதுவும் ஓடவில்லை. சரோஜினிக்கு இன்னும் உறைக்கிற மாதிரி வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கிறேன், எனக்குப் பிடித்த வேலை, அதுவும் வரவில்லை. உள்ளே சத்தமே இல்லை. இப்படி எனக்கு இருந்ததில்லை, பிரசவ வார்டில்கூட நர்ஸுகளைத் திட்டிக்கொண்டே இருந்தவள். ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது. அதன் கதவில் ஒட்டின காந்தத்தைப் பார்க்கிறேன், திராட்சைக் கொத்து, ஒரு திராட்சை உதிர்ந்திருக்கிறது. அதையே பார்க்கிறேன். அட்டையைப் பார்க்கவில்லை. இவரையும் பார்க்கவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது, இவர் உடம்பை இடது பக்கமாகச் சாய்த்து, தலையை மேசைக்குக் கிட்டே இறக்கி, கீழேயிருந்து என் முகத்தைப் பார்க்கிறார். சாலமாண்டர் இல்லை, மான் இல்லை, என் முகத்தை. நெற்றியில், முன்னெல்லாம் என் முகத்தைப் பார்த்து யோசிக்கும்போது விழுகிற அந்தக் கோடு விழுந்திருக்கிறது. சிரிப்பு இல்லை.

"என்ன, கோவமா?"

தேடாமல் வந்தது. ம ம என்று காற்று இல்லை, இடையில் தடுக்கவில்லை, கொஞ்சம் எரிச்சலாக, கொஞ்சம் பயமாக, தண்ணீர்க் குழாயைத் திறந்த மாதிரி வந்துவிட்டது. சிஸ்டர் என்று இல்லை. எந்தப் பெயரும் இல்லை, சமையற்கட்டு வாசலில் நின்று ஆரம்பிக்கிற மாதிரி நேரே ஆரம்பித்தார். நான் பேசாமல் இருந்தால் அதற்கு இந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். வேலைக்கு வந்த பொம்பளை பேசாமல் இருந்தால் எவனும் அதைக் கேட்க மாட்டான், நல்லதென்று விட்டுவிடுவான். இவருக்குப் பயமாக இருந்திருக்கிறது. இத்தனை நாளாக, தினமும் மத்தியானம், நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார உட்கார, என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமல், எதைச் சொன்னால் இவள் இறங்குவாள் என்று தெரியாமல், நன்றி நன்றி என்று என்னைத் தாஜா பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நல்ல வார்த்தை வந்தால் கை தட்டுங்க, சூப்பர் அங்கிள் சொல்லுங்க என்று ஆஷ்லின் சொல்லியிருக்கிறாள். கை எழவில்லை. பதில் சொல்ல நான் ஒரு பரமண்டல ஜெபம் நேரம் எல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமா," என்றேன்.

இவர் யார் மேலே, எதுக்கு என்று கேட்கவில்லை, என்றைக்கும் கேட்டதில்லை. நான் நாற்காலியைச் சத்தம் வரப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அடுத்து என்ன திட்டு வரும் என்று தெரிந்தவராக, எப்போதும் போல, அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.